குற்றால வேனில் ஓடுற பாட்டு, ஹிட் கணக்கில் வருதா?

சாரல் சீசனில் குற்றாலம் வர்ற வேன்களைக் கவனிச்சிருக்கீங்களா? மெயினருவியோ, ஐந்தருவியோ, எங்கே நின்றாலும் ஆளுக்கு முன்னாடி பாட்டுதான் இறங்கும். பதினைந்து பேர் சேர்ந்து ஆடும் அந்தப் பாட்டு, போனில் ஆப் வழியாக ஓடினால் கணக்கில் ஒன்று. பென்டிரைவில் ஓடினால்? பூஜ்ஜியம்!

எது ஹிட் என்பதில் நம்மூரில் எப்பவுமே இந்தக் குழப்பம்தான். தென்காசி பக்கத்து சுந்தரபாண்டியபுரத்தில் படமாக்கப்பட்ட 'ரோஜா' 1992-ல் வந்தபோது, எண்ணப்பட்டது கம்பெனி கேசட் மட்டும்தான். வெற்று கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த கடைகளின் கணக்கு யாரிடமும் இல்லை.

பிரிட்டனில் 2005 ஏப்ரலிலேயே டவுன்லோடையும் விற்பனையாக எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த வருஷமே நார்ல்ஸ் பார்க்லியின் 'கிரேஸி', சிடி கடைக்கு வரும் முன்பே டவுன்லோடை மட்டும் வைத்து முதலிடம் பிடித்தது.

அதே காலத்தில் நமக்கு டவுன்லோடு என்றால் மெமரி கார்டு. "அண்ணே, புதுப்பாட்டு எல்லாம் ஏத்திருங்க" என்று மொபைல் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள்தானே நாம்? கடைக்காரருக்குக் காசு, பாடியவருக்கு ஒன்றுமில்லை, சார்ட்டிலும் இல்லை. முறையாகக் காசு வந்தது பெரும்பாலும் காலர் டியூனில்தான்.

2011 நவம்பரில் யூடியூபில் வந்த 'கொலவெறி'தான் ஆட்டத்தை மாற்றியது. எத்தனை பேர் பார்த்தாங்கன்னு பாட்டுக்குக் கீழேயே நம்பர் ஓடியது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2020 நவம்பரில் 'ரவுடி பேபி' 100 கோடி வியூஸைத் தொட்டது.

ஆனா ஒரு விஷயம். கேசட்டோ டவுன்லோடோ, வாங்கும்போது ஒரே தடவைதான் எண்ணுவாங்க. அப்புறம் நீங்க ஆயிரம் முறை கேட்டாலும் சரி, தூக்கிப் போட்டாலும் சரி. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு முறையும் கணக்கு. அதனால்தான் ரசிகர்கள் விடிய விடிய லூப்பில் ஓடவிடுறாங்க. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி தாண்டினால்தான் ஒரு ஸ்ட்ரீம். ராஜா சார் பாட்டு மாதிரி நிதானமா வயலின், புல்லாங்குழல் எல்லாம் முடிஞ்சு பாடகர் வர்ற வரைக்கும் இப்போ யார் காத்திருக்கா? எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நம்பர் ஏறினா காசும் ஏறும்னு நினைக்காதீங்க. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பல கோடி வியூஸ் அள்ளியது. மூணு வருஷம் கழித்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகவே சொன்னார்.