பன்றிக்குட்டியின் குடல் நரம்புகள்

ஆடு உரித்துக் குடலைச் சட்டியில் போட்ட பிறகும் அது சற்று நேரம் நெளிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மூளையோடும் முள்ளந்தண்டோடும் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் அசைகிறது. தசைக்குத் தானாகச் சுருங்கும் இயல்பு உண்டு. அதை நெறிப்படுத்தி உணவை ஒரே திசையில் தள்ளவைப்பது, குடற்சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்புத்தொகுதி. 1899இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கிலேய உடலியலாளர்கள், வெளியிலிருந்து நாயின் குடலுக்கு வரும் நரம்புகளை அறுத்துவிட்டுச் சோதித்தார்கள். குடலின் ஓரிடத்தை உள்ளிருந்து தூண்டியதும் அதற்கு மேற்புறம் சுருங்கியது, கீழ்ப்புறம் தளர்ந்தது.

இந்த நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. வட்டத்தசைக்கும் நீளத்தசைக்கும் நடுவே ஒரு வலை. அது அசைவைப் பார்த்துக்கொள்கிறது. சீதமென்சவ்வை ஒட்டி இன்னொன்று. சுரப்பும் உறிஞ்சலும் அதன் பொறுப்பு. எலியில் இந்த உள்வலை ஒரே தட்டுத்தான். பன்றியில் தட்டுத்தட்டாக அமைந்திருக்கிறது, மனிதரிலும் அப்படியே. குறைமாதக் குழந்தைகளின் குடல்நோயை ஆராய்பவர்கள் பன்றிக்குட்டியைத் தேடிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவில் இந்த நரம்புக்கலங்கள் பெரும்பாலும் பின்மூளையின் அருகே தோன்றி, குடல் நெடுகிலும் நகர்ந்து கடைசிவரை போகின்றன. மனிதக் கருவில் அவை கடைசிப் பகுதியை எட்டாமல் நின்றுவிட்டால், அந்தப் பகுதி மலத்தைத் தள்ளாது. ஏறத்தாழ 5000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் இந்தக் குறைபாட்டின் பெயர் ஹிர்ஷ்ஸ்பிரங் நோய்.

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். குட்டி பிறந்த சில நிமிடங்களிலேயே எழுந்து முலையைத் தேடிப் போய்விடும். குடல் நரம்புகளோ இன்னும் முற்றவில்லை. பன்றியின் சூல்வித்தகம் நோயெதிர்ப்புப் புரதங்களைக் குட்டிக்குக் கடத்தாது. எல்லாம் கடும்புப்பாலில்தான் வரவேண்டும். குடற்சுவர் அந்தப் புரதங்களை முழுசாக உள்ளே விடுவது முதல் ஒன்று, ஒன்றரை நாள்தான். பிறகு வாசல் மூடிவிடும். அதே நாட்களில் குடல் நம்ப முடியாத வேகத்தில் நீண்டு பருக்கிறது. சுருங்கிக் கிடந்த மீன்வலையை இழுத்து விரித்தால் முடிச்சுகள் விலகுவதுபோல, நரம்புக்கலங்களின் அடர்த்தி குறைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு கலமும் சுரக்கும் இரசாயனமும் வயதோடு மாறுகிறது: சுருங்கச் சொல்லும் அசற்றைல்கோலின் எவ்வளவு, தளரச் சொல்லும் நைத்திரிக் ஒட்சைட்டு எவ்வளவு என்ற கணக்கு பிறந்த முதல் கிழமைகளில்தான் படிப்படியாகச் சரியாகிறது. குடலில் குடியேறும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்குண்டு. நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்த எலிக்குட்டிகளில் குடலின் நரம்புவலையும் அசைவும் வழமைபோல அமையவில்லை.

இவ்வளவு வேலையும் நடந்துகொண்டிருக்கும்போது குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால்? அமெரிக்க ஆய்வுகளில், மூன்று கிழமை நிறையுமுன் பால் மறக்கவைத்த குட்டிகளின் குடற்சுவர் தளர்ந்து, உள்ளே விடக்கூடாததையும் விட்டது. அசற்றைல்கோலின் சுரக்கும் நரம்புகள் அளவுக்கு மீறி வேலை செய்தன. கழிச்சல் அடிக்கடி வந்தது. குட்டிகள் வளர்ந்து பெருத்த பிறகும் இந்த மாற்றங்கள் மறையவில்லை. எனக்கு மிகவும் உறைத்தது இதுதான். கழிச்சலுக்குத் தீவனத்தையும் தண்ணீரையும் குறை சொல்கிறோம். குட்டியைப் பிரித்த நாளை யாரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

வன்னியில் பன்றி என்றதும் நெல்லையும் மரவள்ளியையும் கிளறிப் பாழாக்கும் காட்டுப்பன்றிதான் நினைவுக்கு வரும். பட்டியில் வளரும் பன்றியும் அதன் இனம்தான். காட்டில் தாய் மூன்று, நான்கு மாதம்வரை பால் கொடுக்கிறது. ஒரு தடவை பால் சுரப்பது இருபது விநாடி அளவுதான். ஆனால் ஏறத்தாழ மணிக்கொரு தடவை, இரவு பகலாகச் சுரக்கிறது. குட்டி அதோடு சேர்த்துக் கிழங்கையும் புழுவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பழகுகிறது. பட்டியில் அவ்வளவு காலம் விடமுடியாது என்பது தெரிந்ததே. ஐரோப்பிய ஒன்றியம் 28 நாளுக்கு முன் பிரிப்பதைப் பொதுவில் தடைசெய்திருக்கிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்குள்ள விலங்கு விஞ்ஞான மாணவர்கள் இந்தச் செய்தியைப் பண்ணைகளுக்கு எடுத்துச் செல்லவேண்டும். பன்றி வளர்ப்பவர்களே, பிறந்த அன்றே ஒவ்வொரு குட்டியும் கடும்புப்பால் குடித்ததா என்று பாருங்கள். நாலு கிழமையாவது தாயோடு விடுங்கள். இரண்டாம் கிழமையிலிருந்து தீவனத்தைச் சிறிது சிறிதாகக் காட்டுங்கள். கழிச்சல் கண்டால் கால்நடை வைத்தியரிடம் குட்டியின் வயதையும் பிரித்த நாளையும் மறக்காமல் சொல்லுங்கள்.