தாடையெலும்பின் தடிப்பை அளத்தல்

நேயர்களே, கண்ணாடி முன்னின்று வாயைத் திறந்து பார்ப்போர் பற்களைக் காண்பர். அவற்றைத் தாங்கி நிற்கும் எலும்பைக் காணார். ஆனால், இழந்த கடைவாய்ப் பல்லொன்றின் இடத்திற் புதுப் பல்லை ஊன்ற இயலுமா என்பதைத் தீர்மானிப்பது, மறைந்திருக்கும் அவ்வெலும்பின் தடிப்பேயாகும்.

1895ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறிஞர் றொண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில வாரங்களுள், 1896 சனவரியில், அந்நாட்டுப் பல் வைத்தியர் ஒட்டோ வால்கொஃப் தம் வாயினுள் ஒளிப்படத் தகட்டை வைத்து, ஏறத்தாழ 25 நிமிடம் அசையாதிருந்து, பற்களைப் படமெடுத்தார். அன்று தொடங்கிய அம்முறை சொத்தையையும் வேர்நுனிச் சீழ்க்கட்டியையும் அறியப் பெரிதும் உதவிற்று. எனினும் அப்படம் ஒரு நிழலே. நேரே வெயில் படும் மதிலின் நிழல் அதன் உயரத்தையும் நீளத்தையும் கூறும். அது ஒரு கல் மதிலா, இரு கல் மதிலா என்பதைக் கூறாது. அவ்வாறே, கன்னப் பக்கத்திலிருந்து நாப் பக்கம் வரையுள்ள எலும்பின் தடிப்பு அப்படத்திற் புலப்படுவதில்லை.

அதனை அறிவதால் விளையும் பயன் யாது? தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான திருகைத் தாடையிற் பதித்து, அதன்மீது செயற்கைப் பல்லைப் பொருத்தும் முறையைச் சுவீடன் நாட்டுப் பிறோனமார்க் 1965இல் கையாளத் தொடங்கினார். இதற்கு எலும்பில் துளையிடல் வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பற்களின் அடியில் எலும்பினூடே ஒரு சிறு கால்வாய் செல்கிறது. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சியளிக்கும் நரம்பு அதனுள் உள்ளது. துளை அந்நரம்பை ஊறுபடுத்தினால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அது நீங்காமலே இருந்துவிடும். நாப் பக்கத்திலோ எலும்பு உட்குழிந்திருக்கும். மேலே அகன்று தோன்றுவது கீழே ஒடுங்கியிருத்தல் கூடும். அங்கே துளை வெளிப்பட்டால், நாவின் அடியில் இரத்தம் பெருகி மூச்சையே தடுக்கலாம்.

பல்லைப் பிடுங்கியபின் எலும்பும் தேய்கிறது. முதலாண்டுக்குள்ளேயே அவ்விடத்து எலும்பு மேட்டின் அகலம் ஏறத்தாழ அரைப்பங்கு குறையக்கூடும். ஆகவே ஊகித்துத் துளையிடல் ஆகாது. அளந்தே துளையிடல் வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் யப்பானிலும் உருப்பெற்ற கூம்புக்கதிர் முறை இதற்கு வழிவகுத்தது. கதிர்க்கருவி தலையைச் சுற்றி வந்து, பல கோணங்களில் நூற்றுக்கணக்கான நிழல்களைப் பதிகிறது. கணினி அவற்றை ஒன்றுசேர்த்துத் தாடையின் முழு உருவை அமைக்கிறது. பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதுபோல, வேண்டிய இடத்தின் குறுக்குவெட்டை வைத்தியர் திரையிற் காணலாம். எலும்பின் வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்புவரை, ஒன்றுக்கு மேற்பட்ட மட்டங்களில் கோடிட்டுத் தடிப்பை மில்லிமீற்றரில் அளப்பர். மேட்டிலிருந்து நரம்புக் கால்வாய் வரையுள்ள ஆழத்தையும் அளந்து, இறுதி 2 மில்லிமீற்றரைக் காப்பிடமாக விட்டுவைப்பது வழக்கம்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. படத்தின் மிகச் சிறு கூறு பெரும்பாலும் 0.1 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையிலானது. ஆதலால் மிக மெல்லிய எலும்புத் தகடு புலப்படாது போகலாம். உள்ளதினும் தடித்துத் தோன்றவும் கூடும். நோயாளி தலையை அசைத்தால் விளிம்புகள் மங்கிவிடும். சாதாரணப் பற்படத்தினும் கூடிய கதிர்வீச்சு உடலிற் படுவதால், தேவையின்றி இதனை எடுத்தல் தகாது.

ஆகவே நேயர்களே, கடைவாயில் திருகுப் பல் பதிக்க எண்ணுவோர், எலும்பின் தடிப்பும் நரம்பின் தூரமும் எவ்வளவென வைத்தியரை வினவத் தயங்க வேண்டாம். சில மில்லிமீற்றர்களின் கணக்கே உதட்டின் உணர்ச்சியைக் காக்கிறது.