காட்டுக்குள் நாய்: கயிறு மட்டும் போதாது

விடுமுறை நாட்களில் கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் ஏறும் கார்களில், பின் ஜன்னல் வழியே ஒரு நாய் தலையை நீட்டிக்கொண்டு வருவது இப்போது சாதாரணக் காட்சி. நாயோடு வருபவர்களை வரவேற்கும் விடுதிகளும் பெருகிவிட்டன. கூடவே நல்ல கேமரா ஒன்றும் இருக்கும். புல்வெளி, மூடுபனி, பின்னால் சோலைக்காடு, முன்னால் தன் செல்ல நாய் என்று ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். ஆசையில் தவறில்லை. சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் கால் வைக்கும்போதுதான் சிக்கல். அப்போது பலரும் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் இரண்டு: "கயிற்றில்தானே பிடித்திருக்கிறேன்", "ஊசியெல்லாம் போட்டாச்சு". ஊருக்குள் இரண்டும் நியாயமான பதில்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் இரண்டுமே எடுபடாது. சட்டமும் ஏற்காது, காட்டு விலங்கும் ஏற்காது.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 27ஆம் பிரிவில், சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது. பணியிலிருக்கும் அரசு ஊழியர், உள்ளே நிலவுரிமை உள்ளவர், பொதுச்சாலை வழியே கடந்து போகிறவர் போன்ற சிலரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அனுமதி வேண்டும். சுற்றுலாவும் புகைப்படம் எடுப்பதும் அனுமதி கோரத்தக்க காரணங்கள் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது; ஆனால் படம் எடுப்பதால் வாழிடம் மாறவோ கெடவோ கூடாது என்ற நிபந்தனையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. ஆக, சரணாலயத்தின் ஊடே தெப்பக்காடு வழியாக மசினகுடிக்குப் போகும் சாலையில் நாயோடு காரில் கடந்து போக உங்களுக்கு உரிமை உண்டு. காரை நிறுத்தி, நாயை இறக்கி, மூங்கில் புதரோரம் உட்கார வைத்துப் படம் எடுக்க உரிமை கிடையாது. சரணாலயம் அல்லாத காப்புக்காடு என்றாலும் தப்ப முடியாது. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அங்கும் அனுமதியின்றி நுழைவது அத்துமீறல்தான். வனவிலங்குச் சட்டத்தின் பொதுவான மீறல்களுக்கு இன்று 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதைவிடக் கடுமையானது வேட்டை பற்றிய பகுதி. சட்டத்தின் விளக்கத்தில் சுடுவதும் பொறி வைப்பதும் மட்டும் வேட்டையல்ல. விலங்கைத் துரத்துவதும் விரட்டுவதும் அதற்கான முயற்சியும்கூட வேட்டையே. சரணாலயத்துக்குள் நடந்த வேட்டை நிரூபணமானால் குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலையும் மானையும் ஓடிப் பிடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனங்கள் என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது. "நான் ஏவவில்லை, அதுவாக ஓடியது" என்று வாதாடலாம்தான். அந்த வாதம் எடுபடுகிறதா என்று தெரிவதற்குள் வழக்கறிஞர் செலவு கேமராவின் விலையைத் தாண்டிவிடும்.

சட்டம் இருக்கட்டும், கயிற்றில் கட்டிய நாய் யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு அளந்து சொன்ன பதில் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகேயுள்ள காடுகளில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. அதில் பாதைகளில் கயிற்றில் பிடித்த நாயோடு ஆட்களை நடக்கவிட்டு, பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். நாய் நடந்த இடங்களில் பறவை வகைகள் 35 சதவீதமும், பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தன. மனிதர்கள் மட்டும் நடந்தபோது இந்தப் பாதிப்பில் பாதிகூட இல்லை. இதில் முக்கியமானது இன்னொன்று: நாய்கள் தினமும் நடமாடும் பாதைகளிலும் பறவைகள் அதற்குப் பழகியிருக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நம் மலைகளில் புள்ளிமானையும் கடமானையும் கூட்டமாகச் சேர்ந்து கொல்வது செந்நாய். நாயின் உருவமும் மூத்திர வாடையும் இரை விலங்குக்கு அந்தக் கூட்டத்தைத்தான் நினைவூட்டும். கழுத்திலிருக்கும் பட்டை அதன் கண்ணில் படாது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 என்று எண்ணப்பட்ட வரையாடுகள் வாழ்வது, நிலக்காட்சிக் கலைஞர்கள் தேடிப்போகும் அதே புல்வெளி முகடுகளில். புல்லுக்கடியில் தரையிலேயே கூடு கட்டும் பறவைகளும் அங்கு உண்டு. கோடியக்கரையின் வெளிமான்களுக்கும் இதே கதைதான். காடென்று யாரும் நினைக்காத கடற்கரையும் இந்தக் கணக்கில் வரும்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னை, நாகைக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம், மணலைத் தோண்டி முட்டை தின்பதில் நாய்கள் கெட்டிக்காரர்கள்.

அடுத்தது நோய். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கேனைன் டிஸ்டெம்பர் என்னும் நாய்களின் வைரஸ் நோயால் மடிந்தன. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் ஒரே சரகத்தில் 23 சிங்கங்கள் இறந்தபோது, சிலவற்றில் அதே வைரஸ் இருப்பதை ஆய்வகம் உறுதிசெய்தது. அவசரமாக வெளிநாட்டிலிருந்து தடுப்பூசி வரவழைத்துச் சிங்கங்களுக்குப் போட வேண்டியதாயிற்று. "என் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்பவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் டிஸ்டெம்பர், பார்வோ, ரேபிஸ் ஊசிகள் உண்ணியைத் தடுக்காது, சொறியைத் தடுக்காது, குடற்புழுவைத் தடுக்காது. இவை நாயிலிருந்து செந்நாய்க்கும் நரிக்கும் போகக்கூடியவை; காட்டிலிருந்து உங்கள் வீட்டுச் சோபாவுக்கும் வரக்கூடியவை. சட்டத்திலும் இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட 33ஏ பிரிவு சொல்கிறது. கால்நடை எவை என்று விளக்கும் இடத்தில் மாடு, ஆடு, கழுதை முதல் வாத்து, கோழி வரை பெயர் இருக்கிறது; நாயின் பெயர் இல்லை.

இத்தனையும் காட்டின் பக்கத்து நியாயம். நாயின் பக்கம் நின்று பார்த்தாலும் முடிவு மாறுவதில்லை. நிலக்காட்சிப் படத்துக்கு ஏற்ற வெளிச்சம் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் கிடைக்கும். சிறுத்தை, யானை, காட்டெருமை, கரடி நடமாடும் நேரமும் அதுவே. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. அந்த நேரத்தில் படம் எடுப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பாருங்கள். டிரைபாடை நிறுத்தி, லென்ஸின் முன் இருண்ட ஃபில்டரை மாட்டி, ஓடை நீர் பஞ்சுபோல் தெரிய வேண்டும் என்று ஷட்டரை முப்பது விநாடி திறந்து வைத்திருக்கிறார். கண் திரையில், கை ரிமோட்டில். நாயின் கயிறு டிரைபாட் காலில். புதருக்குள் ஏதோ அசைந்து நாய் ஒரு இழுப்பு இழுத்தால், கேமரா பாறையில் விழுவது சின்ன நஷ்டம். யானையைப் பார்த்துக் குரைத்த நாய் பயந்து ஓடி ஒளிய வருவது தன் எஜமானரிடம்தான். பின்னாலேயே யானையும் வரும். ஓடும் நாயைக் காப்பாற்றப் பாய்கிற மனிதரின் கதி இன்னும் மோசம். 1981இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கொதிக்கும் ஊற்றுக்குள் பாய்ந்த நாயை மீட்க ஓர் இளைஞர் குதித்தார். இருவருமே பிழைக்கவில்லை.

"வெளிநாட்டில் எல்லாம் நாயோடுதானே மலையேறுகிறார்கள்" என்பவர்களுக்கு அதே யெல்லோஸ்டோன் பதில். அங்கே நாயைச் சாலை, வாகன நிறுத்துமிடம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு அப்பால் கொண்டுபோகக் கூடாது. நடைபாதைகளிலும் மரப்பாலங்களிலும் அடியோடு தடை. கயிறு 6 அடிக்கு மேல் நீளக் கூடாது. அந்த நாட்டில் தேசிய வனங்கள் என்ற வேறு வகை நிலங்களில் விதி தளர்வு. நாம் கைப்பேசியில் பார்த்து ஏங்கும் படங்களை வைத்து இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: தெருநாய்களும் எஸ்டேட் நாய்களும் கேட்பாரின்றிக் காட்டுக்குள் திரியும்போது, வருஷத்துக்கு ஒரு முறை வரும் என் நாய்க்கு மட்டும் என்ன தடை? ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. எண்ணிக்கையில் அவைதான் பெரிய ஆபத்து. கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சிகளின் கடமை, அதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. சஃபாரி ஜீப்புகளின் இரைச்சலைப் பற்றியும் தாராளமாகப் புகார் எழுதலாம். ஆனால் தெருநாயை யாரும் காரில் ஏற்றி முந்நூறு கிலோமீட்டர் கொண்டுவந்து விடுவதில்லை. உங்கள் நாய் அங்கே வருவது முழுக்க உங்கள் முடிவு. மாற்ற மிகச் சுலபமான ஆபத்தும் அதுதான்.

அப்படியானால் நாயோடு படம் எடுக்கும் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். உரிமையாளர் அனுமதித்தால் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, காவிரிக் கரை இருக்கிறது, அறுவடை முடிந்த தஞ்சை வயல்வெளி இருக்கிறது, ஆமைக் காலம் தவிர்த்த கடற்கரை இருக்கிறது. காட்டுக்குள்தான் படம் வேண்டுமென்றால், நாயை விடுதியில் துணைக்கு ஒருவரோடு விட்டுவிட்டு முறையான வழியில் போங்கள். குரங்கணிக் காட்டுத்தீயில் 2018இல் மலையேறப் போன 23 பேர் மாண்ட பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 முதல் 40 பாதைகளுக்கு அரசே இணையத்தில் முன்பதிவு நடத்துகிறது. பூட்டிய காருக்குள் நாயை விட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. மலையில் குளிர்தான் என்றாலும் வெயில் பட்ட கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

தவறு நடந்துவிட்டால் செய்ய வேண்டியவையும் உண்டு. நாய் ஓடிவிட்டால் பின்னால் ஓடாமல், சாலையில் நின்று குரல் கொடுங்கள். அருகிலுள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியில் உடனே சொல்லுங்கள். மறைத்தால் குற்றம் பெரிதாகும், நாயும் கிடைக்காது. கேமராவையோ வாகனத்தையோ கைப்பற்ற வன அதிகாரிக்கு 50ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கைப்பற்றியதற்கு மகஜர் நகலும், அபராதமோ வழக்கை முடிக்கும் இணக்கக் கட்டணமோ செலுத்தினால் ரசீதும் கேளுங்கள். குறைந்தபட்சச் சிறைத்தண்டனை உள்ள குற்றங்களைப் பணம் கட்டி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படி முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். காட்டு விலங்கோ, அதனோடு சண்டையிட்டு வந்த உங்கள் நாயோ கடித்தாலும் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஊர் திரும்பும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம்.