அடுக்குமாடி வீட்டில் மின்சாரக் கிடார்

மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நமது தரை கீழ்வீட்டாரின் கூரை. நமது சுவர் பக்கத்து வீட்டாருக்கும் சுவர். இத்தகைய வீட்டில் ஓர் இளைஞன் மின்சாரக் கிடாரும், அதற்கென வால்வுகள் அமைந்த பெரிய ஆம்பிளிபயரும் வாங்கி வைக்கிறான் என்று கொள்வோம். குமிழைச் சற்றே திருப்பியதும் அழைப்பு மணி ஒலிக்கிறது. வாசலில் அண்டை வீட்டார் நிற்கிறார். குமிழைக் குறைத்தாலோ நாதம் உயிரற்றுப் போகிறது. சத்தமின்றி நாதம் மட்டும் வேண்டும் என்பது நிறைவேறக்கூடிய ஆசைதானா? பெருமளவு நிறைவேறக்கூடியதே. ஆனால் அதற்கு முன், சத்தமும் நாதமும் ஏன் இவ்வாறு பிணைந்து கிடக்கின்றன என்பதை அறிதல் வேண்டும்.

மின்சாரக் கிடாரின் தந்தியை வெறுமனே மீட்டினால் அடுத்த அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. ஆம்பிளிபயரே அதற்குக் குரல் தருகிறது. லண்டனின் மேற்கே ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், 1962ஆம் ஆண்டில் தம் பெயரால் ஆம்பிளிபயர்களை விற்கத் தொடங்கினார். முரசுகளின் முழக்கத்தையும் இரசிகர்களின் ஆரவாரத்தையும் மீறித் தங்கள் கிடார் கேட்க வேண்டும் என்று பீட் டவுன்ஷெண்ட் போன்ற கலைஞர்கள் விரும்பவே, 1965ஆம் ஆண்டளவில் 100 வாட் ஆம்பிளிபயர்கள் தோன்றின. ஆகவே இவை மன்றங்களுக்கென்று பிறந்தவை. பத்தடி அறைக்கென்று பிறந்தவை அல்ல.

வால்வு தன் எல்லைக்குள் இயங்கும்போது தந்தியின் அதிர்வை ஏறத்தாழ உள்ளபடியே பெரிதாக்குகிறது. எல்லையைத் தொட்டதும் ஒலியலையின் முகடுகள் மழுங்குகின்றன. அம்மழுங்கலால் மூல சுரத்துடன் மேற்சுரங்கள் பல கலக்கின்றன. மீட்டிய ஒலியும் சட்டென்று தேயாமல் நீண்டு நிற்கிறது. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே நூலிழையை உரிய இடத்தில் வைத்தவுடன் நாதம் பொலிவு பெறுவதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? விளைவளவில் இதுவும் அதற்கு ஓரளவு ஒப்பானதே. ஆயினும் தம்புரா மெல்ல ஒலிக்கும்போதே ஜீவனுடன் ஒலிக்கும். ஆம்பிளிபயரின் இறுதிக்கட்ட வால்வுகளோ கடுமையாக உழைக்கும்போதுதான் அந்நிலையை எட்டும்.

நமது செவிக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் வெளியிட்ட ஆராய்ச்சி, ஒலி குறையக் குறையக் கீழ்ச்சுரங்களைச் செவி மிகவும் குறைவாகவே உணர்கிறது என்று காட்டியது. மெல்ல வாசிக்கும் கிடார் மெலிந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'100 வாட்டுக்குப் பதில் 10 வாட் வாங்கினால் சத்தம் பத்தில் ஒன்றாகிவிடும்' என்று பலர் கருதுவர். அவ்வாறன்று. மின்சக்தி பாதியானால் ஒலியளவு 3 டெசிபலே குறையும். பத்தில் ஒன்றானால் 10 டெசிபல் குறையும். செவி அதை ஏறத்தாழப் பாதிச் சத்தம் என்றே உணரும். கிடாருக்கான ஸ்பீக்கர்கள் பல, ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபலை நெருங்குகின்றன. நமது நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்துள்ள அளவோ பகலில் 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். இடைவெளி எவ்வளவு பெரிது என்பது இதனால் விளங்கும்.

இனி, பரிகாரங்களைக் காண்போம். ஆம்பிளிபயரில் இரண்டு குமிழ்கள் இருப்பின், முதற்கட்ட வால்வுகளுக்குரியதை உயர்த்தி, மொத்த ஒலிக்குரியதைத் தாழ்த்தலாம். இறுதிக்கட்ட வால்வுகளின் சுவை இதில் கிட்டாது. எனினும் தினப் பயிற்சிக்கு இது போதும். அச்சுவையும் வேண்டுவோர், ஆம்பிளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே அட்டெனுவேட்டர் என்னும் கருவியை இணைப்பர். அது மின்சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிட்டு, சிறு பங்கை மட்டும் ஸ்பீக்கருக்கு விடுகிறது. கருவியின் ஓம் அளவு ஆம்பிளிபயருக்குப் பொருந்த வேண்டும். வால்வுகள் முழு உழைப்பில் இருப்பதால் விரைவில் தேய்வதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சத்தத்திற்கு அஞ்சி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பிளிபயரை இயக்கலாகாது. ஸ்பீக்கரோ அதற்கு ஈடான மின்சுமையோ இல்லாவிட்டால் உள்ளே மின்னழுத்தம் உயர்ந்து, விலை மிகுந்த டிரான்ஸ்பார்மர் பழுதாகக்கூடும். இரவில் வாசிக்க விரும்புவோர்க்கு, ஸ்பீக்கரின் தன்மையையும் கணிப்பொறி முறையில் போலச் செய்து, காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போனுக்கு ஒலியை அனுப்பும் கருவிகளே உகந்தவை.

கட்டடத்தையும் கவனிக்க வேண்டும். ஒலி காற்றின் வழியே மட்டுமன்றித் தரை, தூண், சுவர் வழியேயும் பரவுகிறது. ஆம்பிளிபயரைத் தரையில் வைத்தால் அதிர்வு நேரே கீழ்வீட்டுக்கு இறங்கும். தடித்த நுரைப்பஞ்சின் மீதோ, அதனடியில் பஞ்சிட்ட மேசை மீதோ, பொதுச் சுவரிலிருந்து விலக்கி வைத்தல் நலம். ஸ்பீக்கர் செவியின் உயரத்தில் இருந்தால் குறைந்த ஒலியே தெளிவாகக் கேட்கும். கதவின் அடியிலுள்ள இடைவெளியை அடைப்பதும் பயன் தரும். சுவரில் திரை தொங்கவிடுவது அறைக்குள் எதிரொலியைத் தணிக்குமேயன்றி, அடுத்த வீட்டுக்குச் செல்லும் ஒலியைத் தடுக்காது.

இவை அனைத்தையும் செய்த பின்பு, நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, அனுமதி பெற்று அண்டை வீட்டில் சிறிது நேரம் அமர்ந்து கேட்பது நன்று. அங்கே கேட்பது இசையன்று, கீழ்ச்சுரங்களின் விம்மல் மட்டுமே என்பது அப்போது தெரியவரும். அவர்கள் வீட்டில் இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குபவர் இருக்கலாம். தேர்வுக்குப் படிக்கும் குழந்தை இருக்கலாம். எந்த நேரம் தொந்தரவில்லை என்பதை அவர்களிடமே கேட்டு அறியலாம். பிழைப்பை நாடி வந்த ஊரில், அவர்களது மொழி நமக்குச் சரளமாக வராத நிலையிலும், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பின்னர் அழைப்பு மணி ஒலிக்கும்போது அஞ்ச வேண்டியதில்லை.