ஐந்தாவது கட்டம்

மண்ணுக்கு உரியவர்கள்: தொடர் – 11

பட்டா ஒருவர் பேரில் இருக்கும், அனுபவம் வேறொருவர் கையில் இருக்கும். தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. ஆனால், சர்வதேச நீதிமன்றம் ஒன்று தலையிட்டு வாங்கிக் கொடுத்த பட்டாவுக்கும் இதே கதி நேரலாம். மத்திய அமெரிக்காவில், நிகராகுவாவின் வடகிழக்கு மூலையில் அப்படி ஒரு ஊர் இருக்கிறது. பெயர் அவாஸ் டிங்னி.

வாவா ஆற்றங்கரையில் உள்ள மயாங்னா பழங்குடியினரின் ஊர் அது. வழக்கு நடந்தபோது அங்கே இருந்தவர்கள் அறுநூற்றுச் சொச்சம் பேர். ஆற்றோரத்தில் நெல்லும் பீன்ஸும் மரவள்ளியும் வாழையும் பயிரிடுவார்கள். சில ஆண்டுகளில் அந்தத் துண்டைத் தரிசாக விட்டுவிட்டு வேறு இடம் போவார்கள். மீனுக்கு ஆறு, இறைச்சிக்குக் காடு. இதில் எந்த இடமும் தனி ஒருவருடையது அல்ல. எல்லை எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

நிகராகுவாவின் கிழக்குக் கரைக்கே ஒரு தனி வரலாறு உண்டு. ஸ்பெயின் மேற்குப் பகுதியைப் பிடித்து ஆண்டதே தவிர, கிழக்கில் அதன் கை எட்டவில்லை. அங்கே செல்வாக்கோடு இருந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1894ல்தான் நிகராகுவா இந்தக் கரையைப் படைபலத்தால் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1905ல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தின்படி சில ஊர்களுக்கு நிலப்பத்திரம் கிடைத்தது. உள்காட்டில் இருந்த மயாங்னா ஊர்கள் பலவற்றுக்கு அதுவும் இல்லை. 1980களின் உள்நாட்டுப் போரில் கரையோர மக்களில் பலர் அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கினார்கள். அதன் பிறகே 1987ல் புதிய அரசியல் சட்டமும் சுயாட்சிச் சட்டமும் வந்தன. பழங்குடிகளின் கூட்டு நிலவுடைமையை இரண்டும் ஏற்றுக்கொண்டன. ஆனால் எந்த ஊருக்கு எவ்வளவு நிலம், அதை யார் அளப்பது, யார் பத்திரம் தருவது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பத்திரம் இல்லாத காட்டை அரசு அதிகாரிகள் அரசு நிலமாகவே பார்த்தார்கள். நம் ஊர்ச் சொல்லில் சொன்னால், புறம்போக்கு.

புறம்போக்கு என்று ஆகிவிட்டால் அதைக் குத்தகைக்கு விடத் தடை என்ன? 1990களின் தொடக்கத்தில் மாடென்சா என்ற மர நிறுவனம் நாற்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் அனுமதி வாங்கியது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்கு வழக்கறிஞராக வந்தவர் ஜேம்ஸ் அனாயா. அப்பாச்சி, புரேபெச்சா வம்சாவளியைச் சேர்ந்த இவர் அப்போது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 1994ல் ஊர், நிறுவனம், அரசு ஆகிய மூன்று தரப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டன. மரம் வெட்டினால் ஊருக்குப் பங்கு உண்டு. நிலத்தின் எல்லையை வரையறுக்க அரசு உதவும். ஒப்பந்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் கையெழுத்திட்ட அதே அமைச்சகம், ஊருக்குச் சொல்லாமல், பக்கத்துக் காட்டை சோல்கார்சா என்ற இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. கொரிய முதலாளிகளுக்குச் சொந்தமான நிறுவனம் அது. 1996 மார்ச்சில் அனுமதி கையெழுத்தானது: 30 ஆண்டுகளுக்கு, சுமார் 62,000 ஹெக்டேர். இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பைவிட இது பெரிது.

அனுமதி கையெழுத்தாகும் முன்பே, 1995 செப்டம்பரில், ஊர்க்காரர்கள் உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். காலம் கடந்து வந்தீர்கள் என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஒன்றரை ஆண்டு கிடந்தது. 1997 பிப்ரவரி 27 அன்று வந்த தீர்ப்பும் அதையே சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அதே நாளில் அதே நீதிமன்றம், கிழக்குக் கரையின் சுயாட்சி அமைப்பான வட்டாரக் கவுன்சிலின் உறுப்பினர்கள் இருவர் போட்டிருந்த வேறொரு வழக்கில், சோல்கார்சாவுக்கு அனுமதி தந்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. காரணம், மக்களின் உரிமை அல்ல. வட்டாரக் கவுன்சிலின் முழு அவையில் ஒப்புதல் பெறவில்லையாம். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டதால் அடைப்பதும் எளிதாயிற்று. அக்டோபரில் கவுன்சிலைக் கூட்டி ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். அப்படியும் அனுமதி நிலைக்கவில்லை, 1998 பிப்ரவரியில் ரத்தானது. அதற்குள் வழக்கு எல்லை தாண்டிப் போயிருந்தது.

அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்திடம் ஊர் புகார் கொடுத்தது 1995 அக்டோபரில். ஆணையம் அதை 1998 ஜூனில் கோஸ்டா ரிகா தலைநகர் சான் ஹோசேயில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. 2000 நவம்பரில் மூன்று நாள் விசாரணை. காட்டிலிருந்து வந்த மயாங்னாக்கள் நீதிபதிகள் முன் சாட்சி சொன்னார்கள்: எந்த மலையில் காட்டின் தெய்வங்கள் குடியிருக்கின்றன, எந்த மலையைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு மரியாதையோடு நடப்பார்கள், முன்னோர் புதைந்த பழைய ஊர்கள் எங்கே என்றெல்லாம். தியடோர் மெக்டொனால்ட் என்ற மானுடவியலாளர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து தயாரித்த வரைபடமும் சான்றாக வைக்கப்பட்டது.

அரசுத் தரப்பு இரண்டு வாதங்களைப் பெரிதாக நம்பியது. ஒன்று, இவர்கள் இப்போதைய இடத்துக்கு வந்ததே 1940களில்தான், பிறகு எப்படிப் பூர்வீக நிலம் ஆகும்? இரண்டு, அறுநூறு பேருக்கு எதற்கு இவ்வளவு காடு? முதல் கேள்வியில் அறியாமையாவது இருக்கிறது. ஆற்றோரமாக ஊரை மாற்றிக்கொள்வது மயாங்னாக்களின் வழக்கம். பழைய குடியிருப்பும் புதியதும் ஒரே வாழ்நிலத்துக்குள்தான். இரண்டாவது கேள்வியைக் கேட்டவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அறுநூறு பேருக்கு அதிகம் என்று பட்ட காட்டை ஒரே ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும்போது அது அதிகமாகத் தெரியவில்லை.

2001 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பு. ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம். நிகராகுவா இந்த வழக்குக்கென நியமித்த தற்காலிக நீதிபதி மட்டும் மறுபக்கம். அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு சொத்துரிமையைக் காப்பது. 1969ல் அதை எழுதியவர்கள் மனத்தில் பழங்குடிகளின் கூட்டு நிலம் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தப் பிரிவு கூட்டுடைமையையும் காக்கிறது என்றது நீதிமன்றம். பழங்குடிகள் ஒரு நிலத்தில் வழக்கப்படி வாழ்ந்து வருவதே உரிமைக்குப் போதும், பத்திரம் அதைப் பதிவு செய்கிற வேலையை மட்டும்தான் செய்கிறது என்பது இதன் சாரம். 15 மாதங்களுக்குள் நிலத்தை அளந்து, எல்லை குறித்து, பத்திரம் கொடு; அதுவரை அங்கே எந்த அனுமதியும் தராதே; ஊரின் நலப்பணிகளுக்கு 50,000 டாலர், வழக்குச் செலவுக்கு 30,000 டாலர். பழங்குடிகளின் கூட்டு நிலவுரிமையை ஏற்று, ஒரு நாட்டைக் கட்டுப்படுத்தும் வகையில் ஒரு சர்வதேச நீதிமன்றம் தந்த முதல் தீர்ப்பு இதுதான்.

15 மாதம் என்பது ஏழு ஆண்டுக்கு மேல் இழுத்தது. நிலத்தை அளப்பதற்குச் சட்டமே இல்லை என்பதால் முதலில் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. 445ஆம் எண் சட்டம் 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிறகு அக்கம்பக்கத்துத் தகராறு. ரியோ கோகோ ஆற்றங்கரையிலிருந்து சில பத்தாண்டுகளுக்கு முன்பு இங்கே குடியமர்ந்த மூன்று மிஸ்கிட்டோ ஊர்களும் அதே காட்டில் பங்கு கேட்டன. அவர்களும் பழங்குடிகளே. அது ஒரு வழியாகத் தீர்ந்த 2007ல், செப்டம்பர் 4 அன்று, ஃபீலிக்ஸ் சூறாவளி கரையேறி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காட்டைச் சாய்த்தது. ஒன்பது நாள் கழித்து, நியூயார்க்கில், பழங்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. பத்திரம் கைக்கு வந்தது 2008 டிசம்பர் 14 அன்று: 73,000 ஹெக்டேருக்கு மேல். அதே ஆண்டு அனாயா, பழங்குடிகளின் உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராகியிருந்தார். அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த ரொடோல்ஃபோ ஸ்டாவென்ஹாகன், அவாஸ் டிங்னிக்காக நிபுணர் சாட்சி சொன்னவர்.

சட்டப் பாடநூல்களில் கதை இங்கே சுபமாக முடியும். காட்டில் முடியவில்லை.

445ஆம் சட்டம் நிலம் தரும் வேலையை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது. விண்ணப்பம், தகராறு தீர்த்தல், அளந்து எல்லை குறித்தல், பத்திரம், கடைசியாக நிலத்தை வில்லங்கம் நீக்கித் தருதல். கடைசிக் கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. பழங்குடி நிலத்துக்குள் வெளியார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பழைய முறையான பத்திரம் வைத்திருப்பவர் இருக்கலாம், ஆனால் விற்றால் ஊருக்கே விற்க வேண்டும். பத்திரமே இல்லாதவர் இழப்பீடு கேட்காமல் வெளியேற வேண்டும், அல்லது ஊர் சம்மதித்தால் வாடகை கொடுத்து இருக்க வேண்டும். முதல் நான்கு கட்டங்களையும் நிகராகுவா பெரிய அளவில் செய்தது. கரையோரத்தில் 23 பிரதேசங்களுக்குப் பத்திரம் கிடைத்தது. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 31 சதவீதம். லத்தீன் அமெரிக்காவில் இது சாதாரணச் சாதனை அல்ல. ஐந்தாவது கட்டம் மட்டும் நின்றுபோனது.

நிற்கிற இடத்தில் ஆள் நுழைவான். நாட்டின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் மேய்ச்சல் பண்ணைகள் பெருகப் பெருக, நிலம் இழந்த குடியானவர்கள் கிழக்கே நகர்ந்தார்கள். கொலோனோக்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். மரத்தை வெட்டி, புல் விதைத்து, மாட்டை விட்டால் காடு மேய்ச்சல் நிலமாகிவிடும். இன்னும் உள்ளே தங்கம் இருக்கிறது. சமூக நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்று சட்டம் சொன்னாலும், காகிதம் எழுதி விற்கும் தரகர்கள் முளைத்தார்கள். சில இடங்களில் பழங்குடித் தலைவர்களே அதற்குக் கையெழுத்திட்டார்கள். குடியேறுபவர்களில் முதலில் வருகிறவர் பெரும்பாலும் ஏழை. அவர் திருத்திய நிலத்தை வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறவர் ஏழை அல்ல. மாட்டிறைச்சியும் தங்கமும் நாட்டின் முக்கிய ஏற்றுமதிகள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாவது கட்டம் ஏன் நகரவில்லை என்பதற்கு நிர்வாகச் சோம்பல் மட்டுமே காரணம் என்று நம்புவது கடினம்.

காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அரசிடம் மட்டுமே இருக்கிறது. அரசு சும்மா இருந்தால் மோதல் ஊர்க்காரர்கள் தலையில் விழுகிறது. அவாஸ் டிங்னியின் நிலத்துக்குள்ளும் குடியேறிகள் வந்துவிட்டார்கள். மயாங்னாக்களின் மற்றொரு பெரிய பிரதேசமான மயாங்னா சவுனி ஆஸில் நடந்தது இன்னும் கொடூரம். 2020 ஜனவரியில் ஆயுதம் ஏந்திய கும்பல் அங்கே ஆலால் ஊரைத் தாக்கி வீடுகளை எரித்தது. 2021 ஆகஸ்டில் கிவாகும்பாய் என்ற தங்கச் சுரங்க மலையில் பழங்குடிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடங்களுமே பத்திரம் உள்ள நிலத்துக்குள்தான் இருக்கின்றன.

பிறந்த மண்ணில் இப்படி முடங்கிய தீர்ப்பு, வெளியூரில் நன்றாகவே உழைத்தது. பராகுவேயின் யாக்யே அக்சா, சுரினாமின் சரமாகா, எக்குவடோரின் சரயாகு என்று அதே நீதிமன்றத்தில் பின்னால் வந்த வழக்குகள் எல்லாம் இதன் மேல் நின்றன. கென்யாவின் எண்டோரோய்ஸ் மக்கள் வழக்கில் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையம் இதை எடுத்தாண்டது. 2007 அக்டோபரில், பெலிஸ் நாட்டின் தலைமை நீதிபதி அப்துலாய் கோன்டே, தெற்குப் பெலிஸின் மாயா ஊர்கள் இரண்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதியபோதும் அவாஸ் டிங்னி அவர் மேசையில் இருந்தது.

அந்த மாயா ஊர்களின் வழக்கு வேறொரு சிக்கலில் மாட்டியது. அங்கே பத்திரம் வருவதற்கு முன்பே எண்ணெய்க் கம்பெனி வந்துவிட்டது. அதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)