போன இடத்தில் யார் துணை?

பாஸ்போர்ட் எடுத்துவிட்டு ஏஜென்ட்டின் போனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் நிறைய உண்டு. தொண்டு நிறுவனங்களின் வழியாக ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போக நினைக்கும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். ‘எவ்வளவு சம்பளம்?’ என்று கேட்பதற்கு முன் நாம் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போன இடத்தில் யார் துணை?

இந்தக் கேள்வி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் புறப்பட்டது. துறைமுகம் கட்டப்படாத காலம் அது. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களை மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தக் கப்பலில் 340க்கும் மேற்பட்டோர் போனார்கள். நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கினார்கள். 1911 வரை இப்படிக் கூலிகளாக நெட்டாலுக்குப் போன இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். கப்பல் பதிவேட்டில் பெயர், ஊர், வயதோடு சாதியையும் எழுதினார்கள். அந்தப் பக்கங்களில் ‘பறையர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது.

ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவர்களுக்கு மாதம் 10 ஷில்லிங் கூலி என்ற பேச்சு பெரிதாகத் தெரிந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தார்கள். கப்பலில் எல்லாச் சாதிக்கும் ஒரே அடுப்பில் சோறு வெந்தது. ஆனால், சாதியின் பிடி தளர்ந்த இடத்தில் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டது. கரும்புத் தோட்டத்தில் ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் தண்டனை. வழக்கு வந்தாலோ, நீதிபதி பேசியது ஆங்கிலம். நம் மக்கள் பேசியது தமிழும் தெலுங்கும்.

1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்ததில் முன்பல் உடைந்து, கிழிந்த உடையோடு டர்பனில் வழக்கறிஞர் காந்தியிடம் வந்து நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் கூலிகள் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடந்த நம் தாத்தாக்களை நினைத்துப் பார்த்தால், அந்தத் தலைப்பாகை நமக்கு நன்றாகவே புரியும். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி காந்தி சொன்னார். அழுதபடி அவர் சொன்ன கதையைக் காந்திக்கு விளக்கியது, அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு தமிழ் எழுத்தர். அந்த எழுத்தர் இல்லையென்றால் அந்த வழக்கே இல்லை.

அப்படி ஒரு மொழித்துணையாகப் போய் நின்றவர்தான் நம் இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் ‘பறையன்’ என்று பெயர் வைத்தே சென்னையில் பத்திரிகை நடத்தியவர். எந்தச் சொல்லை இழிவாகச் சொன்னார்களோ, அதையே தலைப்பில் அச்சிட்டு விற்றவர். பின்னர் கடல் கடந்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் சில காலம் இருந்துவிட்டு, 1904 வாக்கில் நெட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை.

அந்த வேலையின் அருமையை எண்ணிப் பாருங்கள். கூண்டில் நிற்பவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொல்வதில் ஒரு சொல் மாறினாலும், வேலைக்கு வராத நோயாளி ஓடிப்போன குற்றவாளி ஆகிவிடுவார். தன் மக்களின் வாய்ச்சொல்லைச் சிதையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது சம்பளத்துக்குச் செய்த வேலைதான் என்றாலும், அதைவிடப் பெரிய தொண்டு எது?

1921இல் சீனிவாசன் ஊர் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எல்லாம் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். பிறகு அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். சட்டத்தின் மொழி தெரியாதவர் கூண்டில் என்ன ஆவார் என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர், ஊருக்கு வந்து சட்டத்தையே எழுத வைத்தார். அப்படியும் 2022இல் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள் என்றால், அவர் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள்.

இப்போது புறப்படும் பிள்ளைகளுக்கு வருவோம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே வேறு பெயரில் வேறு ஒன்று காத்திருக்கலாம். ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று, சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அயலகத் தமிழர்களுக்கென்று தமிழக அரசின் துறை இருக்கிறது. அதன் எண்ணை வீட்டிலும் எழுதி வையுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடகுபோல விட்டுவைக்காதீர்கள். போன இடத்து மொழியில் முதலில் ‘வேலை’, ‘கூலி’, ‘மருத்துவர்’, ‘புகார்’ என்ற நான்கு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் காலூன்றியதும், உங்களுக்குப் பின்னால் வந்து இறங்கும் புதியவருக்கு அந்த நான்கு சொற்களையும் நீங்களே சொல்லிக்கொடுங்கள். போன இடத்தில் யார் துணை என்ற கேள்விக்கு நம்மிடம் உள்ள பதில் இதுதான். சீனிவாசன் ஓட்டேரியில் உறங்குகிறார். இராயபுரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். விமானம் ஏறும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.