30 வயதில் முதல் டெஸ்ட், 19 சதங்கள்: ‘மிஸ்டர் கிரிக்கெட்’ மைக் ஹஸ்ஸி நமக்கு ஏன் முக்கியம்?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இன்னும் உள்ளே போனால் எங்கள் செம்மநத்தம். சமமான தரை என்பது இங்கே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சில் பந்தை பள்ளத்துப் பக்கம் தூக்கி அடித்தால் அவுட். காப்பிச் செடிக்குள்ள போன பந்தைத் தேடியே பாதி நாள் போயிடும் என்பதால் அப்படி ஒரு ரூல்.

அந்த டீமில் என் பெரியம்மா மகன்தான் ஓப்பனர். விக்கெட்டை எளிதில் கொடுக்க மாட்டார். 25 வயசுல பேட்டைப் பரணில் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டார். “இனிமே யாருடா நம்மள எடுக்கப் போறாங்க?” என்பதுதான் அவர் சொன்ன காரணம். டி.வி.யில் சி.எஸ்.கே. மேட்ச் ஓடும்போது மஞ்சள் ஜெர்சியில் மைக் ஹஸ்ஸி இறங்கினால் மட்டும் அவர் சேனலை மாற்ற விட மாட்டார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஹஸ்ஸியின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது புரிந்தது.

11 ஆண்டு காத்திருப்பு

1975 மே 27 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் மைக்கேல் ஹஸ்ஸி. இயல்பில் வலது கைக்காரர். ஆலன் பார்டரைப் பார்த்து, அவரைப் போல ஆட வேண்டும் என்று சின்ன வயதிலேயே இடது கை பேட்டிங்குக்கு மாறியவர்.

1994-95 சீசனில் மேற்கு ஆஸ்திரேலிய அணிக்காக முதல்தரக் கிரிக்கெட்டில் இறங்கினார். அதன் பிறகு ஓயாமல் ரன் குவித்தார். இங்கிலாந்து கவுன்ட்டி கிரிக்கெட்டில் நார்தாம்ப்டன்ஷயருக்காக 2001, 2002, 2003 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகளில் மூன்று முச்சதங்கள். ஆனால் ஆஸ்திரேலிய டெஸ்ட் அணியின் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

காரணம் சிம்பிள். இடம் காலியாக இல்லை. ஓப்பனிங்கில் ஹேடன், லாங்கர். பின்னால் பான்டிங், ஸ்டீவ் வா, மார்ட்டின், லேமன். உலகத்தின் வேறு எந்த அணியாக இருந்தாலும் ஹஸ்ஸி 23 வயதிலேயே ஆடியிருப்பார். அவர் பிறந்த நாடும் காலமும்தான் அவருக்குப் போட்டி.

2004 பிப்ரவரியில் பெர்த்தில் இந்தியாவுக்கு எதிராக ஒருநாள் அறிமுகம் கிடைத்தது. டெஸ்ட் வாய்ப்பு வந்தது 2005 நவம்பரில். லாங்கருக்குக் காயம் ஏற்பட, பிரிஸ்பேன் காபா மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இறங்கினார். அப்போது வயது 30. முதல்தரக் கிரிக்கெட்டில் அதற்கு முன்பே அவர் எடுத்திருந்த ரன்கள் 15,313. டெஸ்ட் அறிமுகத்துக்கு முன் வேறு எந்த ஆஸ்திரேலியரும் இவ்வளவு ரன் எடுத்ததில்லை.

முதல் டெஸ்ட்டில் சொதப்பல், பிறகு?

அந்த டெஸ்ட்டில் அவர் எடுத்தது 1, 29. இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் தேவைப்படும்.

அடுத்த டெஸ்ட்டில், ஹோபார்ட்டில் 137. அதற்கடுத்து அடிலெய்டில் ஆட்டமிழக்காமல் 133. லாங்கர் அணிக்குத் திரும்பியபோது ஹஸ்ஸி வெளியேறவில்லை. நடுவரிசைக்கு மாறினார். அதே ஆண்டு டிசம்பரில், மெல்போர்னில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கடைசி ஆள் மெக்ராத்தை வைத்துக்கொண்டு 107 ரன் பார்ட்னர்ஷிப் போட்டார். அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்தது 122.

அறிமுகமாகி 166 நாட்களில் 1,000 டெஸ்ட் ரன். 20 டெஸ்ட்கள் முடிந்தபோதும் சராசரி 80-க்கு மேல் நின்றது. ‘பிராட்மேனுக்கு அடுத்து இவர்தானா?’ என்ற கேள்வி சீரியஸாகவே எழுந்த காலம் அது.

சரிந்தது எப்போது?

இங்கேதான் மதிப்பீடு கொஞ்சம் சிக்கலாகிறது. ஹஸ்ஸியின் இறுதிக் கணக்கு 79 டெஸ்ட், 6,235 ரன், 19 சதம், சராசரி 51.52. எண்பதில் தொடங்கிய சராசரி ஐம்பத்தொன்றில் முடிந்தது என்றால், நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருந்திருக்க வேண்டும். இருந்தது.

2008 அக்டோபரில் பெங்களூருவில் இந்தியாவுக்கு எதிராக 146 அடித்த பிறகு, அடுத்த டெஸ்ட் சதத்துக்கு 2009 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சதமும் ஓவல் மைதானத்தில் ஆஷஸைப் பறிகொடுத்த டெஸ்ட்டில் வந்தது. அவர் 121 எடுத்தும் ஆஸ்திரேலியா தோற்றது. 2010 ஆஷஸ் தொடருக்கு முன்பு 35 வயது ஹஸ்ஸியை எடுக்க வேண்டுமா என்றே பேச்சு ஓடியது.

பதில் பேட்டில் வந்தது. பிரிஸ்பேனில் 195. அதுதான் அவருடைய டெஸ்ட் உச்சம். ஹேடினோடு சேர்ந்து 307 ரன் கூட்டணி. பெர்த்தில் 116. ஆஸ்திரேலியா 1-3 எனத் தோற்ற அந்தத் தொடரில் ஹஸ்ஸி மட்டும் 570 ரன். அடுத்த ஆண்டு இலங்கைச் சுற்றுப்பயணத்தில் காலியில் 95, பல்லேகெலேயில் 142, கொழும்பில் 118. தொடர் நாயகன் விருதும் அவருக்கே.

சராசரி சரிந்ததை வைத்து மட்டும் அவரை எடை போட்டால் இந்த இரண்டாவது எழுச்சி கண்ணில் படாது. ஆடத் தொடங்கியதே 30 வயதில். ஃபார்ம் போனது 33-ல். அந்த வயதில் தடுமாறுபவர்களில் பலருக்கு அதுவே முடிவாகிவிடும். ஹஸ்ஸி திரும்பி வந்தார். என் கணக்கில், ஆரம்பகால 80-ஐ விட இதுதான் பெரிய சாதனை.

ஒயிட் பாலில் என்ன செய்தார்?

ஒருநாள் போட்டிகளில் 185 ஆட்டம், 5,442 ரன், சராசரி 48.15. சதங்கள் வெறும் மூன்றுதான். ‘அவ்வளவுதானா?’ எனத் தோன்றலாம். ஆனால் பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது ஆளாக இறங்கியவர் அவர். அவர் வரும்போது சதம் அடிக்கப் போதுமான பந்துகளே மிச்சம் இருக்காது. மேட்ச்சை முடித்துக் கொடுப்பதுதான் வேலை. 2007 உலகக்கோப்பையை வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

அந்த வேலைக்கு உச்ச உதாரணம் 2010 டி20 உலகக்கோப்பை அரையிறுதி. செயின்ட் லூசியாவில் பாகிஸ்தான் வைத்த இலக்கு 192. கடைசி ஓவரில் 18 ரன் தேவை. பந்து வீசியவர் சயீத் அஜ்மல். முதல் பந்தில் ஜான்சன் ஒரு ரன் எடுத்து ஸ்ட்ரைக்கைக் கொடுத்தார். பிறகு ஹஸ்ஸி அடித்தது 6, 6, 4, 6. ஒரு பந்து மிச்சம் வைத்து மேட்ச் முடிந்தது. 24 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 60 ரன்.

சென்னைக்கு அவர் யார்?

நம்ம ஊர் ரசிகர்களுக்குக் கதை 2008 ஏப்ரல் 19 அன்று மொஹாலியில் தொடங்குகிறது. சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடிய முதல் ஐ.பி.எல். ஆட்டம் அது. பஞ்சாப் பந்துவீச்சைப் பிரித்து மேய்ந்த ஹஸ்ஸி 54 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 116. ஆக, சி.எஸ்.கே.வின் முதல் சதமே இவருடையதுதான்.

2011 இறுதிப் போட்டியில் சேப்பாக்கத்தில் முரளி விஜய்யோடு 159 ரன் தொடக்கக் கூட்டணி, கோப்பை சென்னைக்கு. விஜய் 95, ஹஸ்ஸி 63. 2013-ல், 37 வயதில், 733 ரன் குவித்து ஆரஞ்சு தொப்பி. 2018 முதல் அதே அணிக்கு பேட்டிங் பயிற்சியாளர். அந்தப் பொறுப்பில் அவர் இருக்கும்போது 2018, 2021, 2023 என மூன்று கோப்பைகள் வந்தன.

சர்வதேச ஓய்வை அவர் அறிவித்தது 2012 டிசம்பரில். கடைசி டெஸ்ட் 2013 ஜனவரியில் சிட்னியில் இலங்கைக்கு எதிராக நடந்தது. வெற்றி ரன் எடுக்கப்பட்டபோது அவரும் களத்தில் ஆட்டமிழக்காமல் நின்றார். அடுத்த மாதமே ஆஸ்திரேலியா இந்தியா வந்து, சேப்பாக்கத்தில் தொடங்கி நான்கு டெஸ்ட்டிலும் தோற்றது. ஹஸ்ஸி இருந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நடுவரிசையில் எவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தது என்பது அந்தத் தொடரில் தெரிந்தது.

சரி, அந்த 1, 29 எதற்கு?

ஹஸ்ஸியோடு மஞ்சள் ஜெர்சியில் ஆடிய ஒரு தமிழ்நாட்டு பேட்ஸ்மேனை நினைத்துப் பாருங்கள். எஸ்.பத்ரிநாத். முதல்தரக் கிரிக்கெட்டில் 10,245 ரன், சராசரி 54.49. அவருக்கும் வழியை அடைத்து நின்றது ஒரு பொற்காலத் தலைமுறை. சேவாக், டிராவிட், சச்சின், லட்சுமண். அவருக்கும் 29 வயதில், மூத்தவர்களின் காயத்தால்தான் டெஸ்ட் வாய்ப்பு வந்தது. 2010 பிப்ரவரியில் நாக்பூரில், ஸ்டெயின் வீசிய அனலில் முதல் இன்னிங்ஸில் 56 எடுத்தார். அடுத்த இன்னிங்ஸில் 6. கொல்கத்தாவில் 1. அவ்வளவுதான். இரண்டே டெஸ்ட்டில் டெஸ்ட் வாழ்க்கை முடிந்துபோனது.

அறிமுக டெஸ்ட்டில் ஹஸ்ஸி எடுத்தது 30 ரன், பத்ரி எடுத்தது 62. ஒருவர் 79 டெஸ்ட் ஆடினார், இன்னொருவர் இரண்டு. இருவரும் ஒரே தரம் என்று நான் வாதாடவில்லை. ஹோபார்ட்டில் கிடைத்த இரண்டாவது வாய்ப்பை 137 ஆக்கியது ஹஸ்ஸியின் திறமை. ஆனால் அடுத்தடுத்து ஆட இடம் கிடைத்தால்தானே திறமையைக் காட்ட முடியும்? லாங்கர் திரும்பியதும் ‘போதும், கிளம்புங்க’ என்று அனுப்பியிருந்தால் ஹஸ்ஸியும் ‘உள்ளூரில் நிறைய ரன் அடித்தவர்’ என்ற ஒற்றை வரியில் முடிந்திருப்பார்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

கொஞ்சம் மாறியிருக்கிறது. ஹஸ்ஸிக்குப் பிறகு அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸ் 35 வயதில் டெஸ்ட் அறிமுகமாகி, அதே ஆட்டத்தில் சதம் அடித்தார். இந்தியாவில் சூர்யகுமார் யாதவ் 30 வயதில்தான் சர்வதேச கிரிக்கெட்டுக்கு வந்தார். தமிழ்நாட்டின் வருண் சக்கரவர்த்திக்கு ஒருநாள் அறிமுகம் 33 வயதில்.

எங்கள் மலைக்குக் கீழேயே ஓர் உதாரணம் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், 29 வயதில் மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமானார். அவர் டெஸ்ட் தொப்பி வாங்கியது எந்த மைதானத்தில் தெரியுமா? ஹஸ்ஸி தொடங்கிய அதே பிரிஸ்பேன் காபா. அவருக்கும் டெஸ்ட் வாய்ப்பு அந்த ஒன்றோடு நின்றுவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹஸ்ஸி எல்லாக் காலத்துக்குமான டாப் ஐந்து பேட்ஸ்மேன்களில் ஒருவரா? இல்லை என்றுதான் சொல்வேன். 79 டெஸ்ட் அதற்குப் போதாது. ஆனால் ‘25 தாண்டிட்டா முடிஞ்சு போச்சு’ என்று யார் சொன்னாலும் எடுத்துக் காட்ட அவருடைய 6,235 ரன் இருக்கிறது. இந்த எல்லா ரன்னும் 30 வயதுக்குப் பிறகு எடுத்தவை. அதே நேரத்தில் அது தேர்வாளர்களுக்கும் ஒன்றைச் சொல்கிறது. தாமதமாக வருபவருக்குத்தான் இரண்டாவது மேட்ச் அதிகம் தேவை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம் இந்தக் கணக்கை எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அவனுக்கு ஹோபார்ட் கிடைச்சுது” என்றார். பிறகு, தன் மகனுக்குப் பந்து போட எழுந்து போனார். பையன் வலது கையால் எழுதுவான். பேட் பிடிப்பது இடது கை.